11 வருடம் கழித்து ஒரு பரீட்சை

1977, அக்டோபர் 21. சீனாவில் அன்றைய பேப்பரிலும் ரேடியோவிலும் ஒரு செய்தி வந்தது. கிராமங்களில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிகள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லின. வழக்கமாக அந்த ஒலிபெருக்கி கத்துவதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அன்றைக்குக் கேட்டார்கள். வயலில் வேலை செய்துகொண்டிருந்த பட்டணத்துப் பிள்ளைகள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கேட்டார்கள்.

கல்லூரிகளில் சேர நுழைவுத்தேர்வு நடக்கப் போகிறது. விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்.

அவ்வளவுதான் செய்தி. இதைக் கேட்டு அழுதவர்கள் உண்டு. பரீட்சை என்றால் நம்மூரில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். பரீட்சை வருகிறது என்று சந்தோஷத்தில் யாராவது அழுவார்களா?

அழுவார்கள். 11 வருடமாகப் பரீட்சையே இல்லாத நாட்டில் அழுவார்கள்.

நுழைவுத்தேர்வு வேண்டும், வேண்டாம் என்று நாமும் வருடக்கணக்காக வாதாடிக்கொண்டிருக்கிறோம். ஒரு பெரிய தேசம் அதை நிஜமாகவே தூக்கிக் கடாசிவிட்டு, பிறகு தேடி எடுத்து வைத்துக்கொண்ட கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு தரப்புக்குமே அதில் சேதி இருக்கிறது.

*

பரீட்சை என்கிற சமாசாரத்தில் சீனாக்காரர்கள் நமக்கெல்லாம் தாத்தா. கி.பி. 605 வாக்கிலேயே அரசு அதிகாரிகளைத் தேர்வு வைத்து எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பெயர் கேஜூ. சின்னஞ்சிறு அறைக்குள் நாள்கணக்கில் அடைபட்டு, அங்கேயே தின்று, அங்கேயே தூங்கி, எழுதித் தள்ள வேண்டும். பெண்களுக்கு அனுமதி கிடையாது. ஆனால் ஏழை வீட்டுப் பையன் ஒருவன், புத்தகத்தைக் கரைத்துக் குடித்தால், ராஜாங்க அதிகாரி ஆகிவிடலாம் என்கிற நம்பிக்கையை அந்தப் பரீட்சை சுமார் 1,300 வருடம் கொடுத்தது. 1905-ல்தான் அதற்கு மூடுவிழா நடந்தது.

நமக்கும் இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவுக்கு அனுப்பும் அதிகாரிகளை சிபாரிசில் எடுப்பதை நிறுத்திவிட்டு, 1855-ல் லண்டனில் போட்டித் தேர்வு வைத்தது. அந்த யோசனைக்குப் பின்னால் சீனாவின் கேஜூ இருந்தது என்று சொல்லும் சரித்திர ஆசிரியர்கள் உண்டு. இன்றைய ஐ.ஏ.எஸ். பரீட்சை அதன் பேரன்.

கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் 1952-ல் நாடு முழுமைக்கும் ஒரே கல்லூரி நுழைவுத்தேர்வைக் கொண்டுவந்தார்கள். காவோகாவ் என்று பெயர். 1966 வரை ஓடியது.

1966-ல் கலாசாரப் புரட்சி வெடித்தது. ஜூன் மாதம் பெய்ஜிங்கின் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து மாவோவுக்கு ஒரு கடிதம் போனது. இந்தத் தேர்வு முறை பழைய நிலப்பிரபுத்துவத்தின் எச்சம், இதை ஒழித்துவிடுங்கள் என்று மாணவிகளே கேட்டிருந்தார்கள். அந்த வருடமே கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவர்கள்! ஜூன் 13-ம் தேதி அரசு அறிவித்தது. இந்த வருட மாணவர் சேர்க்கை ஆறு மாதம் தள்ளிவைக்கப்படுகிறது.

ஆறு மாதம் என்றார்கள். ஆனது 11 வருடம்.

மாணவிகள் எழுதிய புகார் முழுப் பொய்யா என்றால், இல்லை. தேர்வில் ஜெயிப்பதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகள், வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள், அதிகாரி வீட்டுப் பிள்ளைகள். குடியானவன் மகன் எங்கே போட்டி போடுவான்? நியாயமான கேள்விதான். அதற்குக் கொடுத்த பதில்தான் விபரீதமாகப் போய்விட்டது.

*

முதலில் பல்கலைக்கழகங்கள் சேர்க்கையையே நிறுத்தின. வகுப்புகள் போராட்டக் கூட்டங்களாக மாறின. பேராசிரியர்கள் மேடையில் ஏற்றி அவமானப்படுத்தப்பட்டார்கள். பள்ளி முடித்த லட்சக்கணக்கான இளைஞர்கள் ஊருக்குள் சும்மா சுற்றினார்கள். 1968 டிசம்பரில் மாவோவின் கட்டளை வந்தது. படித்த பிள்ளைகளெல்லாம் கிராமத்துக்குப் போங்கள், விவசாயிகளிடம் பாடம் கற்றுக்கொள்ளுங்கள். மொத்தத்தில் சுமார் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட நகரத்து இளைஞர்கள் அப்படி அனுப்பப்பட்டார்கள். பன்றி மேய்த்தார்கள், எரு சுமந்தார்கள், குகை வீடுகளில் படுத்தார்கள். எத்தனை வருடத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை.

1970-ல் பல்கலைக்கழகக் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். ஆனால் பரீட்சை கிடையாது. புது விதி நான்கு படிகள் கொண்டது. நீங்களே விருப்பம் தெரிவிக்க வேண்டும். மக்கள் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். தலைமை ஒப்புதல் தர வேண்டும். கடைசியில் கல்லூரி ஒரு பார்வை பார்க்கும். தொழிலாளி, விவசாயி, ராணுவ வீரர், இவர்களுக்குத்தான் இடம். காகிதத்தில் படித்தால் அருமையான திட்டம். உழைப்பவன் மகன் படிக்க வேண்டும், அவன் கூட வேலை செய்யும் மக்களே அவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைவிட ஜனநாயகம் உண்டா?

நடந்தது வேறு. நான்கு படிகளில் மூன்றாவது படிதான் நிஜமான படி. தலைமை ஒப்புதல்! தலைமை என்றால் யார்? கிராமத்துக் கட்சிச் செயலாளர், கம்யூன் அதிகாரி, மாவட்டப் பெரிய மனிதர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லையா? மச்சான், மருமகன் இல்லையா? வருடத்துக்கு ஒரு கிராமத்துக்கு ஒரு சீட்டு வந்தாலே அபூர்வம். அந்த ஒரு சீட்டுக்கு சிகரெட் பாக்கெட்டும் சாராய பாட்டிலும் கைமாறின. அதற்கு மேல் மோசமான விலையைப் பெண்களிடம் கேட்டவர்களும் இருந்தார்கள்.

கொல்லைப்புற வழி என்ற வார்த்தை அப்போது சீனா முழுக்கப் பிரபலம். 1974 ஜனவரியில் நான்ஜிங் பல்கலைக்கழக மாணவர் ஒருவரைப் பற்றிக் கட்சிப் பத்திரிகையே எழுதியது. தன் அப்பா ராணுவத்தில் பெரிய பதவி, அவர் போட்ட போனில்தான் எனக்கு சீட் கிடைத்தது, எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம் என்று அவர் விலகிக்கொண்டிருந்தார். பெரிய இடத்துப் பிள்ளைகள் பல பேர் நடந்துவந்த பாதையை ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொன்னது, அவ்வளவுதான்.

'கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாம் எதுக்கு? நல்ல அப்பா இருந்தால் போதும்' என்பது அன்றைக்கு மாணவர்களிடம் புழங்கிய சொலவடை.

இன்னொரு சங்கடம். அப்பா 'நல்ல' அப்பாவாக இல்லாவிட்டால்? நிலச்சுவான்தார், பணக்கார விவசாயி, வலதுசாரி என்று ஒரு முத்திரை குடும்பத்தின் மேல் விழுந்திருந்தால் போச்சு. பையன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் விண்ணப்பம் முதல் படியிலேயே நின்றுவிடும்.

*

நடுவில் 1973-ல் ஒரு கூத்து நடந்தது. பரிந்துரையில் வருபவர்களுக்கு ஒரு சின்ன எழுத்துத் தேர்வாவது வைக்கலாம் என்று அந்த வருடம் முயற்சி செய்தார்கள். லியாவோனிங் மாகாணத்தில் ஜாங் தியேஷெங் என்ற இளைஞர் எழுதப் போனார். கிராமத்தில் உற்பத்திக் குழுத் தலைவர். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி தாளில் பதில் வரவில்லை. தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் இரவு பகலாக வயலில் வேலை செய்கிறேன், எனக்குப் படிக்க நேரமே இல்லை, வேலையைத் தட்டிக்கழித்துவிட்டுப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுத சிலரோடு என்னை ஒப்பிடுவது என்ன நியாயம்? இதுதான் சாரம்.

அந்தத் தாளில் அவர் எடுத்தது 6 மார்க்.

அப்போது லியாவோனிங்கில் செல்வாக்காக இருந்தவர் மாவோவின் தம்பி மகன் மாவோ யுவான்ஷின். கடிதம் அவர் கண்ணில் பட்டது. பத்திரிகையில் வந்தது. தேசமே படித்தது. 'வெற்றுத்தாள் வீரன்' என்று ஜாங் ஹீரோ ஆனார். கல்லூரியில் இடமும் கிடைத்தது. எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதியவர்கள் பாடுதான் திண்டாட்டம். அதிக மார்க் வாங்கினால் சந்தேகம்! சின்னத் தேர்வும் காலி.

மாவோ இறந்த பிறகு காற்று திசை மாறியது. ஜாங் கைது செய்யப்பட்டார். 15 வருடத் தண்டனை. 1991-ல் வெளியே வந்தவர், கால்நடைத் தீவன வியாபாரத்தில் இறங்கிப் பெரும் பணக்காரர் ஆனார். அது தனிக் கதை.

ஆனால் அவர் கடிதத்தை வெறும் ஜோக்காகத் தள்ளிவிட முடியாது. இரவு பகலாக உழைக்கிறவனுக்குப் படிக்க நேரம் ஏது? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

*

1970-லிருந்து 1976 வரை பரிந்துரை மூலம் சுமார் 9.4 லட்சம் பேர் கல்லூரிக்குள் வந்தார்கள். எல்லோரையும் கொல்லைப்புறத்தில் வந்தவர்கள் என்று ஒதுக்குவது அநியாயம். நிஜமாகவே உழைத்து, நல்ல பெயர் எடுத்து, கிராமமே கைகாட்டி அனுப்பியவர்களும் அதில் உண்டு. சிக்கல் என்னவென்றால், யார் எப்படி வந்தார்கள் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கெட்டிக்காரன் மேலும் சந்தேகத்தின் நிழல் விழுந்தது.

வந்தவர்களில் பலருக்குப் பள்ளிப் பாடமே அரைகுறை. பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்கள் படிக்க வேண்டிய வயதில் பள்ளிக்கூடமே பாதி நாள் நடக்கவில்லை.

1976 செப்டம்பரில் மாவோ காலமானார். 1977 ஜூலையில் டெங் சியோபிங் மறுபடி பதவிக்கு வந்தார். கலாசாரப் புரட்சியில் இரண்டு முறை தூக்கி எறியப்பட்டவர். அவருடைய மூத்த மகன் பீகிங் பல்கலைக்கழகத்தில் பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தார். 1968-ல் செங்காவலர்களின் கொடுமைக்கு நடுவே மாடியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனார். படிப்பு, பல்கலைக்கழகம் என்றால் டெங்குக்கு அது வெறும் அரசாங்க இலாகா இல்லை. கல்வியையும் விஞ்ஞானத்தையும் என்னிடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 4-ம் தேதி பெய்ஜிங்கில் முப்பது சொச்சம் விஞ்ஞானிகளையும் பேராசிரியர்களையும் கூட்டினார். பேசுங்கள் என்றார். முதல் இரண்டு நாள் எல்லோரும் ஜாக்கிரதையாகப் பேசினார்கள். பத்து வருடம் வாயைத் திறந்து அடி வாங்கியவர்கள், சட்டென்று எப்படித் திறப்பார்கள்? சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் வந்து சேரும் மாணவர்களுக்குப் பள்ளிக்கூடக் கணக்கையே சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்று ஒரு பேச்சு வந்தது. அப்படியானால் சிங்ஹுவா பள்ளிக்கூடம் என்றே பெயர் வைத்துவிடலாமே, பல்கலைக்கழகம் என்று ஏன் சொல்ல வேண்டும் என்று டெங் எரிச்சலோடு கேட்டார்.

ஆகஸ்ட் 6. வூஹான் பல்கலைக்கழகத்தின் கெமிஸ்ட்ரி பேராசிரியர் ஜா ச்சுவான்ஷிங் எழுந்தார். வயது 52. மாணவர் சேர்க்கைதான் கல்வித் தரத்தின் முதல் வாசல், அந்த வாசலே கெட்டுப்போயிருக்கிறது என்று ஆரம்பித்தார். திறமை புதைகிறது, கொல்லைப்புற வழி பெருகுகிறது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிக்கும் ஆசையே போய்விட்டது என்று அடுக்கினார். அந்த 'நல்ல அப்பா' சொலவடையையும் சொன்னார். நுழைவுத்தேர்வைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று முடித்தார்.

டெங் கல்வி மந்திரியைப் பார்த்தார். இந்த வருடமே முடியுமா? அந்த வருடச் சேர்க்கைக்கான திட்டம் பழைய பரிந்துரை முறைப்படியே தயாராகி, மேலிடத்துக்கு அனுப்பியும் ஆகிவிட்டது. சேர்க்கையை அரை வருடம் தள்ளிப்போட்டால் முடியும் என்று பதில் வந்தது. அந்தத் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. இந்த வருடமே நடத்திவிடலாம் என்று டெங் முடிவு சொன்னார்.

சொன்னால் ஆயிற்றா? கல்வி இலாகா தயங்கியது. மாவோ காலத்து முடிவை மாற்றினால் நாளைக்கு யார் தலை உருளும்? ஆகஸ்ட் 13-ல் ஆரம்பித்த சேர்க்கைக் கூட்டம் 44 நாள் இழுத்தது. டெங் கூப்பிட்டுக் கண்டித்த பிறகுதான் முடிவுக்கு வந்தது. அரசியல் தகுதி என்று நீளமாக எழுதிக்கொண்டு வந்திருந்த பத்தியை டெங் தானே வெட்டினார். விண்ணப்பிப்பவரின் சொந்த நடத்தையைப் பார்த்தால் போதும் என்று மாற்றினார். அப்பா யார் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு நிஜமான விடுதலை அந்த ஒரு வரி.

*

அறிவிப்பு வந்தது அக்டோபர் 21. பரீட்சை நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பருக்குள், மாகாணத்துக்கு மாகாணம் வேறு வேறு தேதி. கையில் இருந்தது ஐந்து வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு மாதம்.

புத்தகம் இல்லை. பழைய பாடப்புத்தகங்களை எரித்தாயிற்று, எடைக்குப் போட்டாயிற்று. 1960-களில் வந்த 17 பாகம் கொண்ட ஒரு கணக்கு, அறிவியல் சுயபாடப் புத்தக வரிசையைத் தேடி ஜனம் அலைந்தது. ஷாங்காயில் மறுபதிப்பு வந்தபோது கடை வாசலில் விடிய விடிய க்யூ. ஒரு புத்தகம் கிடைத்தால் பத்துப் பேர் கையால் நகல் எடுத்தார்கள். பகலில் வயல் வேலை, ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கு.

கேள்வித்தாள் அச்சடிக்கவும் காகிதம் இல்லை. மாவோவின் தேர்ந்தெடுத்த எழுத்துகள் ஐந்தாம் தொகுதிக்காக ஒதுக்கிவைத்திருந்த காகிதத்தை எடுத்துத்தான் அச்சடித்தார்கள். பரீட்சையை ஒழித்தவரின் புத்தகக் காகிதத்தில் பரீட்சை!

வயது வரம்பு 25 என்றாலும், 1966, 67-ல் பள்ளி முடித்தவர்களுக்கு 30 வரை சலுகை. கல்யாணம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. அண்ணனும் தம்பியும், வாத்தியாரும் அவரிடம் படித்த மாணவனும் ஒரே ஹாலில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையை வெளியே விட்டுவிட்டு உள்ளே போன அம்மாக்கள் இருந்தார்கள். எழுதியவர்கள் 57 லட்சம் பேர்.

கிடைத்த இடம் சுமார் 2.73 லட்சம். கணக்குப் போட்டால் 21 பேருக்கு ஒன்று.

அடுத்த ஜூலையிலேயே இரண்டாவது பரீட்சை. 61 லட்சம் பேர் எழுதினார்கள், 4.02 லட்சம் பேருக்கு இடம். சீனாவின் அடுத்த நாற்பது வருடத்தை நடத்திய விஞ்ஞானிகள், நீதிபதிகள், மந்திரிகள், சினிமாக்காரர்கள் பலரும் இந்த இரண்டு செட்டில் வந்தவர்கள். பஞ்சாலைத் தொழிலாளியான ஜாங் யீமோ வயது தாண்டிவிட்டது என்று ஃபிலிம் அகாடமியில் தடுக்கப்பட்டு, தான் எடுத்த போட்டோக்களோடு கலாசார மந்திரிக்குக் கடிதம் எழுதி உள்ளே போனார். பிறகு உலகம் அறிந்த இயக்குநர்.

இன்னொரு சுவாரஸ்யம். அன்ஹுய் கிராமம் ஒன்றில் கட்சி வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் 1977 தேர்வை எழுதி, பீகிங் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போனார். பெயர் லி கெச்சியாங். இரண்டு வருடம் முன்னால், 1975-ல், ஷான்ஷி மாகாணக் கிராமத்திலிருந்து பரிந்துரையில் சிங்ஹுவாவுக்குப் போனவர் ஷி ஜின்பிங். அவருடைய அப்பா அப்போது பதவி பறிபோனவர், எனவே 'நல்ல அப்பா' கணக்கில் அவரைச் சேர்க்க முடியாது. 2013 முதல் பத்து வருடம் ஒருவர் அதிபர், ஒருவர் பிரதமர். ஒரே நாட்டை இரண்டு வாசல் வழியாக வந்தவர்கள் சேர்ந்து ஆண்டார்கள்.

*

சுபம் போட்டுவிடலாமா? ம்ஹூம்.

21-ல் ஒருவர் ஜெயித்தால் 20 பேர் தோற்றார்கள் என்று அர்த்தம். 1977-ல் மட்டும் 54 லட்சம் பேர். அதில் ஒருவர் பல் டாக்டர் வேலைக்குப் போய், ஐந்து வருடம் பல் பிடுங்கி, அது பிடிக்காமல் கதை எழுத ஆரம்பித்தார். இன்று உலகம் படிக்கும் எழுத்தாளர் யூ ஹுவா. மற்றவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஜெயித்தவர்களைப் பார்த்தாலும் ஒன்று புரியும். 1966-க்கு முன்னால் நல்ல பள்ளியில் படித்தவர்களுக்கும், வீட்டில் படித்த பெற்றோரோ ஒளித்துவைத்த புத்தகமோ இருந்தவர்களுக்கும் கை ஓங்கியிருந்தது. கிராமத்திலேயே பிறந்து அங்கேயே வளர்ந்த குடியானவன் மகனுக்கு ஐந்து வாரத்தில் அல்ஜீப்ரா யார் சொல்லிக்கொடுப்பது?

ஓரமாக வைத்த கேள்வியை இப்போது எடுங்கள்.

2024-ல் சீன நுழைவுத்தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 1.34 கோடி பேர். அன்ஹுய் மாகாணத்தில் மாவோதான்சாங் என்று ஒரு ஊரே பரீட்சைத் தயாரிப்புக்காக வாழ்கிறது. பிள்ளைக்குச் சமைத்துப்போட அம்மாக்கள் அங்கே வாடகைக்கு ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். பெய்ஜிங்கில் குடும்பப் பதிவு உள்ள பிள்ளைக்கு அங்கே இருக்கும் பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கும் வாய்ப்பு, வெளி மாகாணப் பிள்ளையைவிடப் பல மடங்கு அதிகம். டியூஷன் செலவில் குடும்பங்கள் திணறுவதைப் பார்த்து 2021-ல் அரசு, பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்தத் தடை போட்டது. டியூஷன் ஓயவில்லை, ரகசியமாகி விலை ஏறியது.

கொல்லைப்புறமும் முழுசாக மூடவில்லை. 2020-ல் ஷான்டோங் மாகாணத்தில் ஒரு பூதம் கிளம்பியது. வருடங்களுக்கு முன்னால் பரீட்சையில் தேறிய ஏழை வீட்டுப் பிள்ளைகளின் சேர்க்கைக் கடிதத்தை நடுவழியில் மடக்கி, அதே பெயரில் வேறு ஆட்கள் கல்லூரியில் படித்து முடித்திருந்தார்கள். கிடைக்கவில்லை என்று நினைத்து ஃபேக்டரி வேலைக்குப் போனவர்களுக்கு உண்மை பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஒரு மாகாணத்திலேயே 200-க்கு மேல் சந்தேகக் கேஸ்கள். 2021 மார்ச்சிலிருந்து இது தனிக் குற்றம், சிறைத் தண்டனை உண்டு.

இந்தக் கதையை வைத்துப் பரீட்சை வேண்டும் என்பவர்களும் வாதாடலாம், வேண்டாம் என்பவர்களும் வாதாடலாம். பரீட்சையை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. அங்கே யாரோ ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார், பெரும்பாலும் அதிகாரம் உள்ளவர். 1970 முதல் 1976 வரை சீனா கற்ற பாடம் இது. பரீட்சையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால் மட்டும் நியாயம் வந்துவிடுவதில்லை. ஹாலுக்குள் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், அந்த ஹால் வரை வந்து சேரும் வழிதான் ஆளுக்கு ஒரு தினுசு. 1977-க்குப் பிறகு இத்தனை வருடமாக சீனா கற்றுக்கொண்டிருக்கும் பாடம் அது.

கேள்வித்தாளை மூன்று பூட்டுப் போட்டுப் பாதுகாக்கிறோம். கிராமத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியார் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கும் அதே அக்கறை வந்தால், அப்புறம் எந்தப் பரீட்சை வைத்தாலும் பயமில்லை.